மேசைக்கு அடியில் ஓர் ஓட்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சம்பாதித்த பெயர் அது. சர்வர் அறையில் ஒரு நீல ஒயர் சுவரிலிருந்து புறப்பட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "தொடாதீங்க மேடம், ஏதாவது நின்னுடப் போகுது" என்று மட்டும் சொன்னார்கள். அவர் அதைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கண் பிரிவிலிருந்து போன் வந்தது. அங்கே சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதாம். "அப்ப இது கடிகார ஒயர்" என்று ஒரு சீட்டில் எழுதி அதன் கழுத்தில் ஒட்டி, திரும்பச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நாற்பத்தாறு வயது. குள்ளமான உருவம். கைப்பையில் எப்போதும் இரண்டு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சீப்பும் இருக்கும். அவசரத்தில் எது கைக்கு வருகிறதோ அதனால் பெட்டியைத் திறப்பார். கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க பிறர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்பதால் வீட்டில் எது நடந்தாலும் பதற மாட்டார். கணவரின் அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் மெமோ டைப் அடித்து ஓய்வு பெற்றவர்.

ஆஸ்பத்திரியின் தரவுத்தளத்தைக் கட்டிக் காப்பதுதான் ஒயரக்காவின் வேலை. யார் வந்தார், என்ன ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தப் படுக்கை காலி என எல்லாம் அதில்தான். அத்தனையும் ஒரே ஒரு சர்வரில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அது படுத்துவிட்டது. எழுந்திருக்க ஆறு மணி நேரம் ஆனது.

அந்த ஆறு மணி நேரமும் நர்சுகள் எக்ஸ்ரே கவர்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்கள். சிறுநீரகக் கல்லுக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் கையில் 'தாயும் சேயும் நலம்' என்ற சீட்டு போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தெட்டுக் குழாய்கள் யாருடையது என்று தெரியாமல் போயின. அத்தனை பேரையும் திரும்ப உட்கார வைத்து ஊசி குத்த வேண்டியிருந்தது. கூடத்தின் தலைவி ஒவ்வொருவரிடமும் தானே போய் மன்னிப்புக் கேட்டார். ஒயரக்கா கதவருகே நின்று அதைப் பார்த்தார்.

மறுநாள் இயக்குநர் கூட்டம் போட்டார். அவர் அறுவை சிகிச்சை நிபுணர். பேச்சிலும் அதிகமாக வெட்ட மாட்டார், குறைவாகவும் வெட்ட மாட்டார்.

"இனிமே இது நிக்கக் கூடாது. என்ன வேணும்?"

"மூணு மெஷின் வேணும் டாக்டர்" என்றார் ஒயரக்கா.

எதிரே கொள்முதல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குள் ஒரு குண்டூசி வர வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். "ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு. விஷயம் ரெண்டோட முடிஞ்சுபோச்சு. மூணாவது எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"ஆமா சார். வேடிக்கை பாக்கத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒயரக்கா விளக்கினார். இரண்டு மெஷின், இரண்டு கட்டிடம். ஒன்று தலைவர், மற்றது துணை. எழுதுவதெல்லாம் தலைவர் கையால்தான். துணை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு காத்திருக்கும். தலைவர் மூச்சு நின்றால் துணை நாற்காலியில் ஏறிக்கொள்ளும். சரி, தலைவர் சாகவில்லை, நடுவில் உள்ள லைன் மட்டும் அறுந்துவிட்டது என்றால்? இது அது செத்துப்போனதாக நினைக்கும், அது இது செத்துப்போனதாக நினைக்கும். இரண்டும் தலைவராகி இரண்டும் எழுதத் தொடங்கும். ஒரே நோயாளிக்கு இங்கே ஒரு மருந்து, அங்கே ஒரு மருந்து. எது நிஜம் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால்தான் மூன்றாவதாக ஒரு சாட்சி. அது எதையும் எழுதாது, சேமிக்காது. சண்டை வந்தால் ஓட்டுப் போடும். இரண்டு ஓட்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் தலைவர். கிடைக்காதவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

"எங்க வீட்லயும் நாங்க ரெண்டே பேருதான்" என்றார் கொள்முதல் அதிகாரி. "சாட்சி வெச்சா குடும்பம் நடத்தறோம்?"

"உங்க வீட்ல ஓட்டெடுப்பே கிடையாதே சார்" என்றார் ஒயரக்கா.

கூட்டத்தில் ஒரு பெரிய இருமல் எழுந்து அடங்கியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைவிதான் அவருடைய மனைவி என்பதும், அவர் என்ன சட்டை போட வேண்டும் என்பது வரை அங்கேதான் முடிவாகிறது என்பதும் ஆஸ்பத்திரிக்கே தெரியும். அதிகாரியின் காது சிவந்தது. அந்தச் சிவப்பிலேயே மூன்றாவது மெஷினின் தலையெழுத்து முடிந்துவிட்டது. வந்தது இரண்டுதான்.

ஒயரக்கா மனம் தளரவில்லை. ஒன்றைப் பழைய கட்டிடத்தில் வைத்தார், மற்றதைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த புதிய கட்டிடத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்வரை ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்திலும் விழுந்த பிறகுதான் 'சேமித்தாயிற்று' என்று நர்சுக்குத் தெரியும்படி செய்தார். வார்டில் இருக்கும் கணினிகளுக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். தலைவர் யாரோ அவர் வாசலில் அந்த முகவரிப் பலகை தானாகப் போய்த் தொங்கிக்கொள்ளும். மூன்று வாரம் இதே வேலையாக இருந்தார். எல்லாம் முடிந்தும் சாட்சிக்கான இடம் காலியாகவே இருந்தது.

சாட்சிக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. மூச்சு விடுகிற எதுவும் போதும். அப்படி ஒன்றை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அது பழைய கட்டிடத்திலேயே, கொள்முதல் அதிகாரியின் மேசைக்கு அடியில் இருந்தது.

கழித்துக்கட்ட வேண்டிய ஐந்து பழைய கணினிகளில் ஒன்று. கழிப்பதற்கான கோப்பு நான்கு வருடமாக அதே மேசையின் மேல் இருந்தது. மேலே கோப்பு, கீழே கணினி. நடுவில் அதிகாரி கணினி மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், "வைரஸ் பாக்கணும்" என்று ஒயரக்கா உள்ளே போனார். இருபது நிமிடத்தில் அதைத் துடைத்து, தேவையானதை ஏற்றி, கரண்ட் கொடுத்து, சுவரில் நெட்வொர்க் ஒயரைச் செருகிவிட்டு வெளியே வந்தார். அவருடைய திரையில் மூன்றாவது பச்சைப் புள்ளி எரிந்தது.

இரண்டு நாள் கழித்து அதிகாரியே அவரை வழியில் நிறுத்தினார். "மேடம், என் ரூம்ல அந்தப் பழைய பெட்டி கதகதன்னு இருக்கு."

ஒயரக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "ஆஃப் பண்ணிடலாமா சார்?"

"ஐயோ வேணாம். ஏசியில எனக்குக் கால் விறைச்சுப் போகும். இப்பதான் இதமா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"சரி சார். நீங்களும் சுவிட்சத் தொடாதீங்க."

பத்து நாள் போயிருக்கும். சாலையில் குழி தோண்ட வந்தவர்கள் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே இருந்த லைனை மத்தியானம் வெட்டிவிட்டார்கள். பழைய கட்டிடத்துத் தலைவர் சாட்சியைக் கூப்பிட்டுப் பார்த்தார், சாட்சி பேசியது, இரண்டு ஓட்டோடு எழுதுவதைத் தொடர்ந்தார். புதிய கட்டிடத்துத் துணை கூப்பிட்டது, பதில் இல்லை. சரி, நமக்கு ஒரு ஓட்டுதான் என்று அது சும்மா இருந்துவிட்டது. புதிய கட்டிடத்துக்காரர்கள் லைன் வரும்வரை திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள், ஆனால் ஒரு பதிவும் இரண்டாகப் பிளக்கவில்லை. ஒயரக்கா நேராகக் கொள்முதல் அதிகாரி அறைக்குப் போனார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"எதுக்கு மேடம்?"

"நீங்க இங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கு."

அவர் குழம்பிப்போய் நன்றி சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் பெரிதாகச் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் "அப்ப ஒரு நாள் வரும்" என்றார்.

வந்தது. மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியின் தரவுத்தளம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்ற செய்தி வெளியே பரவி, வேறு பதினோரு ஆஸ்பத்திரிகளின் தலைவர்கள் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. காலை பதினொன்றரைக்கு, எல்லோர் முன்னிலையிலும், ஓடிக்கொண்டிருக்கும் தலைவர் மெஷினின் பிளக்கை இயக்குநரே பிடுங்கிக் காட்டுவதாகத் திட்டம். அதற்கு முன் எல்லா அறைகளையும் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு.

அன்று பத்தே முக்காலுக்கு ஒயரக்கா திரையைப் பார்த்தார். இரண்டு பச்சை. ஒரு சிவப்பு.

கொள்முதல் அதிகாரியின் அறை கண்ணாடி மாதிரி இருந்தது. மேசைக்கு அடியில் வெறும் தரை. அதிகாரி புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு வருஷ ஃபைல் மேடம். ஒரே காலையில முடிச்சுட்டேன். அஞ்சு பெட்டியும் கிளம்பியாச்சு."

"ரொம்ப நல்ல காரியம் சார்" என்று சொல்லிவிட்டு ஒயரக்கா ஓடினார்.

சாட்சி இல்லாமலும் இரண்டும் ஓடும். இரண்டு பேருமே உயிரோடு இருக்கும்வரை மூன்றில் இரண்டு ஓட்டு இருக்கிறது. ஆனால் இயக்குநர் பிளக்கைப் பிடுங்கிய கணத்தில் மிஞ்சுவது துணையின் ஒற்றை ஓட்டு. அது நாற்காலியில் ஏறாது. அப்படி ஏறாதே என்று அதைப் பழக்கியவரே அவர்தான். பதினோரு தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆஸ்பத்திரி நின்றுபோகும்.

பின்வாசலில், சலவை அறைக்குப் பக்கத்தில், பழைய சாமான் வியாபாரி காதில் பென்சிலோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதுல ஒண்ணு எனக்கு வேணும்."

"முடியாதும்மா. சீட்டுல அஞ்சு பெட்டின்னு இருக்கு. நாலோட போனா வாசல்ல என்னைப் புடிச்சு வெச்சுக்குவாங்க."

"அஞ்சு பெட்டின்னுதான இருக்கு? எந்தப் பெட்டின்னு இருக்கா?"

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல."

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

சர்வர் அறையில் செத்த கணினிகளுக்குப் பஞ்சமில்லை. கனமானதைத் தூக்கிக்கொண்டு ஓட அவருக்குத் தெம்பில்லை. தாழ்வாரத்தில் ஒரு சக்கர நாற்காலி காலியாக நின்றது. செத்த பெட்டியை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், வியாபாரியிடம் மாற்றினார், உயிருள்ள பெட்டியை உட்கார வைத்தார். விருந்தினர்கள் வரத் தொடங்கியிருந்ததால் சலவை அறையிலிருந்து ஒரு போர்வை வாங்கித் தலை வரை போர்த்தினார். பார்த்தவர்கள் எல்லோரும் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நர்ஸ் மட்டும் கேட்டார்: "எந்த வார்டு அக்கா?"

"லேபுக்கு."

பக்கத்தில் இருந்தது அதுதான். எந்தச் சுவரில் செருகினாலும் தன் பெயரைச் சொல்லிச் சேர்ந்துகொள்ளும்படி சாட்சியை அவர் செய்து வைத்திருந்தார். நாற்காலியோடு உள்ளே நுழைந்ததும் கூடத்தின் தலைவி, அதாவது கொள்முதல் அதிகாரியின் மனைவி, மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன இது?"

பொய் சொல்ல நேரமில்லை. ஒயரக்கா செருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணு மாசமா அவர் காலுக்குக் கீழயா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியாது?"

"கதகதன்னு இருக்குன்னு சொன்னார்."

அந்த அம்மா கையுறையைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, "இது இங்கயே இருக்கட்டும். நீங்க போங்க, நேரமாச்சு" என்றார்.

பதினொன்றரைக்கு இயக்குநர் பிளக்கைப் பிடுங்கினார். வரவேற்பில் இருந்த திரை உறைந்தது. எழுதிக்கொண்டிருந்த பெண் விரலைத் தூக்கிவைத்துக் காத்திருந்தார். பத்து நொடி. பதினைந்து. பதினோரு தலைவர்களும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இருபத்திரண்டாவது நொடியில் திரை அசைந்தது. அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து நோயாளியின் பெயரைத் தொடர்ந்தார். கை தட்டினார்கள்.

கொள்முதல் அதிகாரி முன்னால் வந்தார். "இவங்க மூணு கேட்டாங்க. நான்தான் ரெண்டே போதும்னு சொன்னேன். பாருங்க, ரெண்டுலயே எப்படி ஓடுதுன்னு."

பதினோரு பேனாக்கள் எழுதின. 'இரண்டு போதும்.'

"எல்லாரும் இதே மாதிரி செஞ்சுடுங்க. மாதிரிக்கு நம்ம ஃபைலயே அனுப்பறோம்" என்றார் இயக்குநர்.

ஒயரக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் சுபம். இதுவரை அது அவருக்கும் ஒரு பெட்டிக்கும் நடுவில் இருந்த குறும்பு. இப்போது பதினோரு ஊரில் பதினோரு லைன் அறுந்து, இரண்டிரண்டு தலைவர்கள் இரண்டிரண்டு மருந்து எழுதுவது கண்முன் வந்தது. கூடவே லேபில் ஊசிக்காகத் திரும்ப வரிசையில் உட்கார்ந்த முப்பத்தெட்டுப் பேரும் வந்தார்கள்.

"டாக்டர், ரெண்டு இல்ல. மூணு" என்றார்.

"மூணாவது எங்க இருக்கு?"

"லேப்ல. உக்காந்திருக்கு."

ஊர்வலமாகப் போனார்கள். சக்கர நாற்காலியில் போர்வை போர்த்தி, சுவரோடு ஒயரால் கட்டுண்டு சாட்சி வீற்றிருந்தது. இயக்குநர் போர்வையை விலக்கினார். அதன் தலையில் இரண்டு செருப்புத் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"இது என்னோடது மாதிரி இருக்கே" என்றார் கொள்முதல் அதிகாரி.

"உங்களோடதுதான்" என்றார் மனைவி. "மூணு மாசமா நீங்கதான் கால்ல மிதிச்சுக் காப்பாத்தியிருக்கீங்க."

இயக்குநர் போர்வையைத் திரும்பப் போர்த்தினார். பிறகு விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "மூணுன்னு திருத்திக்குங்க." ஒயரக்காவிடம் சன்னமாக, "உங்களுக்கு மெமோ வரும். மூணாவது மெஷினும் வரும். எது முதல்ல வரும்னு தெரியல" என்றார்.

முதலில் மெமோதான் வந்தது. கழிவுக் கோப்பில் இருந்த பொருளை அனுமதியின்றி இயக்கியது ஏன், வெளியேறும் சீட்டில் கண்ட பொருளுக்குப் பதிலாக வேறு பொருளை அனுப்பியது ஏன், சக்கர நாற்காலியை நோயாளி அல்லாததற்குப் பயன்படுத்தியது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. நாத்தனாரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அந்த வீடு பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல் கேள்விக்கும் ரெண்டாவதுக்கும் ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா எழுதினவனுக்கு மேற்கொண்டு எழுத எதுவும் இருக்காது. மூணாவதுக்கு, நாற்காலியில உக்காந்திருந்தது உயிரோட இருந்துச்சா இல்லயா?"

"இருந்துச்சு."

"அதை எழுது."

விளக்கம் ஏற்கப்பட்டது, எச்சரிக்கை ஒன்று கோப்பில் ஏறியது, அந்த வருடப் பதவி உயர்வு கைநழுவியது. கணவர் அன்று அவரைத் தன் பயிற்சி வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒயரக்கா பாதி வழி அழுதார், மீதி வழி ஓட்டினார்.

கொள்முதல் அதிகாரி அதன் பிறகு பதினைந்து நாள் அவரிடம் பேசவில்லை. பதினாறாவது நாள் புதிய மெஷினுக்கான உத்தரவைத் தானே எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னைக்குக் கூட்டத்துல நான் கிண்டல் பண்ணினது தப்புதான். ஆனா நீங்க அப்புறம் ஒரு தடவை என் ரூமுக்கு வந்து தனியா சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன்னே சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம்."

அந்த அறைக்கு ஒயரக்கா எத்தனை தடவை போயிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. "தப்புதான் சார்" என்றார். ஒரு நாற்காலியில் இருந்த ஒயர்ச்சுருளை எடுத்துக் கீழே வைத்தார். அதிகாரி உட்கார்ந்தார். புதிய மெஷினை எங்கே வைப்பது என்று இருவரும் ஒரு மணி நேரம் வரைபடம் போட்டார்கள். இரண்டு கட்டிடத்திலும் இல்லாமல், ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு மேலே இருந்த சிறிய அறையில் வைப்பது என்ற யோசனை அதிகாரியுடையது. நல்ல யோசனை.

மறு வருடம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பழைய கட்டிடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சர்வர் அறைக் கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டி, தலைவரின் மேல் நேராக விழுந்தது. ஒயரக்கா ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தபோது அது ஏற்கெனவே மூச்சை நிறுத்தியிருந்தது. முழங்கால் வரை நனைந்து, வாளியும் துடைப்பமுமாக நின்றார். அந்தச் சமயத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தார்.

"அக்கா, இங்க பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு. வரிசை நீண்டுட்டே போகுது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"வேற ஒண்ணும் நிக்கலயே?"

"வேற என்ன நிக்கணும்?"

"ஒண்ணுமில்ல. வர்றேன்" என்றார் ஒயரக்கா. செருப்பிலிருந்த தண்ணீரை வாளியில் கவிழ்த்துவிட்டு, கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். சீப்புதான் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்தார்.